வரைபட அறைச் சாவி

ராணுவ அலுவலகம் ஒன்றில் ரகசிய வரைபட அறையைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் கடைநிலை ஊழியர் பாக்கியநாதன். மனைவியின் டயாலிசிஸுக்கு வாங்கிய கடனில் மூன்று தவணை கட்டவில்லை என்று தெரிந்ததும் விசாரணை அதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

"கடன்காரனை நம்பி ரகசியத்தை விட முடியாது. நாளைக்கே காசுக்கு வித்துடுவே."

"வித்திருந்தா கடன் ஏதுங்க ஐயா?"

பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனாலும் அதிகாரி, அந்த அறைக்குள் போக பாக்கியநாதனுக்கு இருந்த அனுமதியை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

"சாவியை வெச்சுட்டுப் போ."

மேஜைமேல் வைத்தார் பாக்கியநாதன்.

"வாங்கிக்கிட்டதா எழுதிக் கொடுங்க ஐயா. இனி அங்கே எது காணாமப் போனாலும் என் வீட்டுக் கதவைத்தான் முதல்ல தட்டுவீங்க."

அதிகாரி தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்த பாக்கியநாதன், மனைவியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.