மரங்கொத்தியார் தேர்ச்சி பெற்ற கதை

ஒரு காட்டில், ஓடைக்கரையை ஒட்டி, விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது, குழந்தைகளே. காட்டில் கல்லூரியா என்று சிரிக்காதீர்கள். விலங்குகள் பேசும் என்று நம்புகிறவர்கள், அவை படிக்கும் என்றும் நம்பத்தான் வேண்டும்.

கடைசி ஆண்டு மாணவர்கள் கணினியில் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். செய்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் பட்டம்.

ஓர் எலியும் ஓர் அணிலும் கூட்டாக ஒரு புராஜெக்ட் எடுத்துக்கொண்டன. எலி எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கும். அணில் எதற்கெடுத்தாலும் தலையாட்டும்.

முந்தைய மழைக்காலத்தில் ஓடை பெருகி, எலியின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. தங்கைகளில் ஒருத்தியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் எலிக்கு ஒரே நினைப்புதான். தண்ணீர் ஏறினால் கரையிலுள்ள எல்லா வளைகளிலும் மணி அடிக்க வேண்டும். ஓடையில் ஒரு கழியை நட்டு, தண்ணீர் பட்டால் உணரும் கருவியை அதில் கட்டி, மணியை அடிக்க வைக்கும் புரோகிராமை எலி எழுதியது.

மணி அடித்தது. ஆனால் தவளை குதித்துத் தண்ணீர் தெறித்தாலும் அடித்தது. இரண்டு முறை பதறி ஓடிவந்த வளைவாசிகள், மூன்றாம் முறை காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நிஜ வெள்ளம் வரும்போதும் இப்படியே படுத்திருந்தால் என்ன ஆவது என்று எலிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. காட்டின் எல்லையிலிருக்கும் பெரிய கம்பெனிகளிலிருந்து அனுபவசாலிகள் சனிக்கிழமைதோறும் வந்து மாணவர்களுக்கு வழிகாட்டுவார்கள். எலிக்கும் அணிலுக்கும் வாய்த்தவர் மரங்கொத்தியார்.

மரங்கொத்தியார் ஒரு காலத்தில் பெரிய சூரர். அவர் அலகால் கீபோர்டைக் கொத்தும் வேகத்தைப் பார்க்கவே கூட்டம் கூடுமாம். அவ்வளவு நன்றாகக் கொத்தியதால் கம்பெனி அவரை மேனேஜர் ஆக்கிவிட்டது. மேனேஜர் ஆனதும் கொத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. காலையில் ஒரு மீட்டிங். மாலையில், காலை மீட்டிங்கைப் பற்றி ஒரு மீட்டிங்.

"என்னை இப்ப யாரும் கீபோர்டு பக்கமே விடறதில்லம்மா," என்று வந்த அன்றே சொல்லிச் சிரித்தார். "பேர்தான் மரங்கொத்தி. கொத்தி வருஷக்கணக்காச்சு. அதான் ஊருக்கு உபதேசம் பண்ணக் கிளம்பிட்டேன்."

எலி தன் புரோகிராமைத் திறந்து காட்டியது.

"அருமை!" என்றார் மரங்கொத்தியார். "ஆனா..."

வழிகாட்டிகள் "அருமை" என்றால் பின்னாலேயே ஓர் "ஆனா" வரும் என்பது எலிக்கு அப்போது தெரியாது.

"தவளை குதிச்சாலும் அடிக்குது சார். ஏன்னு தெரியல."

"இதெல்லாம் ஒரு விஷயமா? கொஞ்சம் நகரும்மா."

எலி நகர்ந்தது. டொக் டொக் டொக் என்று அலகு பாய்ந்தது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு விருந்து கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"முடிஞ்சுது. இனிமே தவளைக்கு அடிக்காது."

"ஏன் சார் அடிக்காது?"

"அது பெரிய கதை. அடுத்த வாரம் சொல்றேன்."

அணில் தலையாட்டியது.

அடுத்த வாரம் அவர் கதை சொல்லவில்லை. "மணி ஒரே மாதிரி அடிக்குதே, ஆளுக்கொரு ராகம் வெச்சா என்ன?" என்று நகரச் சொன்னார். அதற்கடுத்த வாரம் காட்டின் வரைபடம் ஒன்று சேர்ந்தது. பிறகு, வெள்ளம் வராத நாட்களில் வளைவாசிகளுக்கு மணி காலை வணக்கம் சொல்லும் வசதி வந்தது. எலி எழுதிய வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் மிஞ்சியது, மேலே இருந்த புராஜெக்டின் பெயர் மட்டும்தான்.

"இதுல நம்மளுது எதுன்னே தெரியலடா," என்றது எலி.

"சாரே எல்லாம் செய்யறாரு. பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. நீ ஏன் அழுவுற?" என்றது அணில்.

இந்த இடத்தில் ஓர் அறிவுரையை நுழைக்கலாமா என்று, கதை சொல்கிற எனக்கும் நாக்கு அரிக்கிறது. வேண்டாம், நானும் அதே சாதிதான் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளராக வந்தவர் முள்ளம்பன்றியார். உடம்பில் முள் குறைவு, கேள்வியில் முள் அதிகம் என்று பெயர் வாங்கியவர்.

"மணி எவ்வளவு உயரத் தண்ணிக்கு அடிக்குது?"

"ஒரு சாண், சார்," என்றது எலி.

"அரைச் சாணுக்கு மாத்து."

எலி புரோகிராமை மேலிருந்து கீழே தேடியது. கீழிருந்து மேலே தேடியது. அந்த ஒரு சாண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை.

"சரி, விடு. தவளை குதிச்சா ஏன் அடிக்கல?"

ஊரெல்லாம் "ஏன்" கேட்ட எலிக்கு ஒரு "ஏன்" வந்தபோது வாய் அடைத்துப்போயிற்று. பக்கத்தில் அணில் தலையாட்டியது.

"தம்பி, தலையாட்டறது பதில் இல்ல."

பின்வரிசையில் மரங்கொத்தியார் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டிகள் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவர் இறக்கையால் அலகைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு முடியவில்லை.

"ஒரே நிமிஷம் சார்! கொஞ்சம் நகரும்மா!"

பறந்து வந்து கொத்தித் தள்ளினார். ஒரு சாண் அரைச் சாண் ஆயிற்று. தவளை விஷயத்தை முன்னும் பின்னும் விளக்கினார். ராகத்தை விளக்கினார். காலை வணக்கத்தை விளக்கினார். கேட்கக் கேட்க முள்ளம்பன்றியாரின் முட்களெல்லாம் மகிழ்ச்சியில் படிந்துபோயின. மாணவர்கள் கைதட்டினார்கள்.

"பிரமாதம்! உங்க பேர் என்ன?"

"மரங்கொத்தி," என்றார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

முள்ளம்பன்றியார் எழுந்து நின்று முடிவைச் சொன்னார். "மரங்கொத்தி, நூற்றுக்கு நூறு. தேர்ச்சி. எலியும் அணிலும் தோல்வி."

கைதட்டல் நின்றுவிட்டது.

"சார், நான் பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சே!"

"அப்ப இது ரெண்டாவது பட்டம். வாழ்த்துகள்."

எலி அழுதுவிட்டது. "பட்டம் போனா போகுது சார். மழை வரப்போகுது. இந்த மணி நின்னுபோனா எனக்குச் சரி பண்ணத் தெரியாது. நீங்க உங்க மரத்து மேல இருப்பீங்க. என் தங்கச்சிங்க வளைக்குள்ள இருக்காங்க."

மரங்கொத்தியாரின் கொண்டை சரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"குழந்தைங்க பரீட்சையை எழுதித் தேறின கிழட்டுப் பறவை இந்தக் காட்டுல நான் ஒருத்தன்தான்," என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முள்ளம்பன்றியாரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். முள்ளம்பன்றியார் ஒரு மறுதேர்வுக்கு ஒப்புக்கொண்டார்.

"ஆனா கீபோர்டுல அவங்க கை மட்டும்தான் இருக்கணும்."

எலி தன் பழைய புரோகிராமைத் தேடி எடுத்தது. அதே தவளை, அதே பொய் மணி. மரங்கொத்தியார் எட்டிப் பார்த்தார். அலகு தானாகவே முன்னால் நீண்டது.

"எனக்கே என் அலகு மேல நம்பிக்கை இல்லம்மா," என்றார் பாவமாக.

எலி கொஞ்சம் யோசித்தது. "சார், பலாப்பழம் சாப்பிடறீங்களா?"

"கொண்டா, கொண்டா!"

பால் வடியும் பலாத்துண்டு ஒன்றை எலி நீட்டியது. ஆசையாக ஒரே கவ்வாகக் கவ்வினார். மேல் அலகும் கீழ் அலகும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டன. நுனியில் பலாத்துண்டு தொங்க, இனிக் கொத்தவும் முடியாது, பேசவும் முடியாது. விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வழியில்லை.

"வீட்டுக்குப் போறப்ப எண்ணெய் தடவி எடுத்து விடறேன் சார்," என்று சொல்லிவிட்டு, எலி வேலையைத் தொடங்கியது.

"தவளை குதிச்சா தண்ணி ஏறுது. சரியா சார்?"

மரங்கொத்தியார் தலையை ஆட்டினார்.

"ஏறின தண்ணி அப்படியே நிக்குமா?"

அவர் பேசாமல் எலியையே பார்த்தார். பேச முடிந்திருந்தால் பாடமே நடத்தியிருப்பார். எலி ஓடைக்குப் போய் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தது. இன்னொரு கல்லையும் போட்டுப் பார்த்தது. துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது.

"நிக்காது சார்! உடனே இறங்கிடுது. வெள்ளம்னா இறங்காது. அப்ப ஏறினதும் அடிக்கக் கூடாது, ஏறி நின்னாத்தான் அடிக்கணும்!"

மரங்கொத்தியார் கிளையில் குதியாய்க் குதித்தார். அணில் தலையாட்டப் போனது. பாதியில் நிறுத்திவிட்டு, "எவ்வளவு நேரம் நின்னா அடிக்கணும்?" என்று கேட்டது. அது கேட்ட முதல் கேள்வி அதுதான். இருவரும் அதைப் பற்றி இருட்டும்வரை சண்டை போட்டார்கள்.

மறுதேர்வன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. முள்ளம்பன்றியார் முந்திய நாளே வந்து, கரையோரத்து வளை ஒன்றில் தங்கியிருந்தார். தவளைகள் கும்மாளம் போட்டுக் குதித்தன. மணி அடிக்கவில்லை. துளிகள் சடசடவென்று விழுந்தன. அப்போதும் அடிக்கவில்லை. பிறகு ஓடை செம்மண் நிறத்தில் பொங்கியது. ஏறிய தண்ணீர் இறங்கவில்லை.

எல்லா வளைகளிலும் மணி அடித்தது. ராகம் ஒன்றும் இல்லை, வெறும் மணி. சில நாட்களாகப் பொய் சொல்லாத மணி என்பதால் எல்லாரும் எழுந்து மேட்டுக்கு ஓடினார்கள். எலியின் தங்கைகள் ஒருத்தி வாலை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எலி ஒவ்வொருத்தியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எல்லாரும் இருந்தார்கள்.

சொட்டச் சொட்ட நனைந்து மேட்டுக்கு வந்த முள்ளம்பன்றியார், மூச்சு வாங்கும்போதே கேட்டார். "தவளைக்கு அடிக்காத மணி இப்ப ஏன் அடிச்சது?"

எலி சொன்னது. விட்டதை அணில் சொன்னது. அவர் துருவித் துருவிக் கேட்ட எதற்கும் இருவரும் தடுமாறவில்லை.

"ரெண்டு பேரும் தேர்ச்சி," என்றார்.

மணிச் சத்தம் கேட்டு மரங்கொத்தியார் பறந்து வந்து மேலே கிளையில் நனைந்துகொண்டிருந்தார். முள்ளம்பன்றியார் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தடவை நீங்க செஞ்சது என்ன?"

"ஒண்ணுமே இல்ல சார்," என்றார் மரங்கொத்தியார் பெருமையோடு. "வேணும்னா, பலாப்பழம் தின்னேன்னு எழுதிக்குங்க."

நீதி: கற்பவர் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிச் செய்து கொடுப்பவர், தனக்கே பாடம் நடத்திக்கொள்கிறார்.