மரத்தடியில் நின்ற கார்

ஏரிக்கரை ரோடு உள்வாங்கிய இடத்தில் நேற்றுதான் கான்கிரீட் போட்டார்கள். காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்த கான்ட்ராக்டர் தணிகாசலம், "என்ஜினீயர் கேட்டா ஏழு நாள் தண்ணி ஊத்தினேன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார்.

என்ஜினீயர் கேட்டார். சித்தாள் பச்சையம்மாவும் அப்படியே சொன்னாள். "ஏழு நாள் ஊத்தினேங்கய்யா. கல்லு மாதிரி இருக்குது. எங்க முதலாளி காரை அதுமேல நிறுத்தச் சொல்லுங்களேன்."

"ஐயோ வேணாம், கார் உள்ள போயிடும்!" என்று அலறினார் தணிகாசலம். என்ஜினீயர் கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டார்.

"கெட்டிக்காரிடி நீ" என்று கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை.

"போன தடவை இதே இடத்துல கான்கிரீட் போட்டப்பவும் அவரு கார் மரத்தடியிலதான் நின்னுச்சு. ஏழு நாள்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன். மறுநாள் பால் வண்டியோட உள்ள போனவன் என் தம்பி."