அஞ்சுகத்தின் இடப்பக்கம்

முன்னொரு காலத்தில் ஆனைக்கரை நாட்டைக் கொற்றவேல் ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் எடுத்த முடிவு மாலைவரை தாங்காது. தவளைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று குளத்தைத் தூர்க்கச் சொல்வான். தாகம் எடுத்ததும் குளம் எங்கே என்று கேட்பான். அவன் காதருகே எப்போதும் நின்றவன் தளவாய் வீரசிங்கம். தன் அக்காள் மகன் மழவராயனைக் கேடய வரிசைக்குத் தலைவனாக்க வேண்டும் என்பதுதான் தளவாயின் ஒரே கவலை.

கேடய வரிசை என்பது அந்த நாட்டுப் படையின் வழக்கம். வீரர்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள். இடக்கையில் உள்ள கேடயத்தைத் தனக்குப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இடப்பக்கம் நிற்பவரை மறைத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் கேடயத்தை இழுத்துக்கொண்டால் பக்கத்து ஆள் செத்தார்.

ஒருநாள் அஞ்சுகம் சபைக்கு வந்தாள். அவள் திருநங்கை. அந்தக் காலத்து ஊரார் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை எழுதி இந்தக் காகிதத்தை நான் அழுக்காக்க மாட்டேன்.

"மகாராஜா, பறையறைந்து படைக்கு ஆள் கேட்டீர்கள். வந்திருக்கிறேன்" என்றாள்.

சபை சிரித்தது. சிரிப்பதற்குத் தைரியம் வேண்டியதில்லையே!

தளவாய் முன்னால் வந்தான். "படைக்கு ஆண்கள் வருவார்கள். அந்தப்புரக் காவலுக்குப் பெண்கள் வருவார்கள். நீ எந்த வாசலில் வந்தாய்?"

"திறந்திருந்த வாசலில் வந்தேன், தளவாயாரே. எதிரி அம்பு விடும்போது நீ ஆணா, பெண்ணா என்று கேட்டுவிட்டா விடுகிறான்?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். தளவாயின் முகம் கறுத்தது.

"வாய் இருக்கிறது, மகாராஜா. தைரியம் இருக்கிறதா? இவளுக்கு இடப்பக்கம் எவன் நிற்பான்? முதல் கல் விழுந்ததும் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள்!"

"அப்படியானால் சோதித்துப் பாருங்கள்" என்றாள் அஞ்சுகம். "உங்கள் வீரர்களில் சிறந்த மூவரைத் தேர்ந்தெடுங்கள். நான் நான்காவது. நால்வருக்கும் ஒரே மாதிரிக் கவசம், முகத்தை மூடிய இரும்புத் தொப்பி. கவண்காரர்கள் ஈரக் களிமண் உருண்டைகளை வீசட்டும். இடப்பக்கம் நிற்க எவனும் வர மாட்டான் என்கிறீர்களே, மகாராஜாவே நிற்கட்டும்! முடிந்ததும் நான் யார் என்று தளவாயார் சுட்டிக் காட்டட்டும்."

களிமண் விளையாட்டு என்றதும் ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தளவாய் விடவில்லை. "அவள் நடுங்கினால் அவள் கூட்டமே ஆற்றைக் கடந்து போக வேண்டும். நடுங்கிய ஆளுக்கு இந்தப் படையில் என்றைக்கும் இடமில்லை என்று இப்போதே தீர்ப்புச் சொல்லுங்கள், மகாராஜா!"

"சொன்னேன்!" என்றான் ராஜா.

அகழிக்கு அப்பால் குடிசை போட்டிருந்த தன் தோழிகளை அஞ்சுகம் நினைத்துக்கொண்டாள். பிறகு தொப்பியை மாட்டினாள்.

ராஜா ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் போய் நின்றான். முதல் ஆளின் கேடயம் ஆடியது, ஆனால் விலகவில்லை. இரண்டாம் ஆளும் ஒருவாறு தாக்குப்பிடித்தான். மூன்றாம் ஆள், முதல் உருண்டை தன் பக்கம் வந்ததுமே கேடயத்தை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு குந்திவிட்டான். அடுத்த உருண்டை ராஜாவின் மீசையில் அப்பியது. நான்காம் ஆளின் நெஞ்சிலும் தொப்பியிலும் களிமண் தெறித்தது; கேடயம் மட்டும் ராஜாவுக்கு முன்னால் சுவர்போல் நின்றது.

"வீரசிங்கம், எது அவள்?"

தளவாய் யோசிக்கவே இல்லை. மூன்றாம் ஆளைச் சுட்டினான். "இதோ! குந்தியிருக்கும் அழகைப் பாருங்கள்! ஆண் பிள்ளைக்கு இந்த நடுக்கம் வருமா?"

"தொப்பியைக் கழற்று!"

தொப்பிக்குள், தளவாயே தேர்ந்தெடுத்து நிறுத்திய மழவராயன் அழுதுகொண்டிருந்தான்.

நான்காம் ஆள் தொப்பியைக் கழற்றினாள். நெற்றியில் வழிந்த களிமண்ணைத் துடைக்காமலே வணங்கினாள்.

"உனக்கு மட்டும் எப்படிக் கை ஆடவில்லை?" என்றான் ராஜா.

"கல்லடி எனக்குப் புதிதில்லை, மகாராஜா. காப்பாற்றச் சொல்லி ஒருவரை என் பக்கத்தில் நிறுத்தியதுதான் புதிது."

ராஜா கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றினான். "இந்தா. உன்னை மட்டும் படையில் சேர்த்துக்கொள்கிறேன்."

அஞ்சுகம் காப்பைத் தொடவில்லை. "என்னை மட்டும் சேர்த்தால் அது உங்கள் கருணை. நாளைக் காலை கருணை தீர்ந்துபோகும். எங்களில் கேடயம் தூக்க முடிந்த எல்லோருக்கும் வாசலைத் திறந்து, அதைச் சட்டமாக்குங்கள்."

ராஜா முதலில் முறைத்தான், பிறகு சிரித்தான். "சட்டம்! கல்லில் வெட்டுங்கள், நான் மாற்ற முடியாதபடி! இனி, நடுங்கியவனுக்கு இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னேனே... மழவராயனை வெளியே அனுப்புங்கள்."

தளவாய் ராஜாவின் காலில் விழுந்தான்.

"வேண்டாம், மகாராஜா" என்றாள் அஞ்சுகம். "ஓர் ஆளின் பயத்துக்காக ஒரு கூட்டத்தையே விரட்டப் பார்த்தது தளவாயார். பயந்த ஓர் ஆளைக்கூட நான் விரட்ட மாட்டேன். மழவராயர் எனக்கு இடப்பக்கம் நிற்கட்டும். கற்றுக்கொள்வார்."

"அப்படியே ஆகட்டும். நீ வரிசையின் வலக்கோடியில் நில். தலைவனுக்குரிய இடம் அது. ஆனால் அங்கே உன்னை மறைக்க வலப்பக்கம் ஒருவரும் இல்லை. பயமில்லையா?"

"பிறந்தது முதல் நான் நின்ற இடம் அதுதானே? அதைப் பெருமை என்று சொல்ல இன்றைக்குத்தான் ஓர் ஆள் கிடைத்தார்."

அடுத்த போரில் அஞ்சுகத்துக்கு வலத்தோளில் வெட்டு விழுந்தது. மழவராயன் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்தான். தளவாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். சொன்னானா என்று கேட்காதீர்கள். அவள் அதற்காகவா நின்றாள்?