பதினோரு வாக்கியம்

ஜெசிந்தா டீச்சரிடம் படிக்க வந்தவர்களில் ஆவுடையப்பன்தான் வயதில் மூத்தவர். டீச்சருக்கு இருபத்தெட்டு, இவருக்கு ஐம்பத்தாறு. ஒரு தையற்கடையின் மாடியில், ஒரே அறையில், அவள் பேச்சு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கேட்டாள். "எதுக்காக இங்கிலீஷ் ஐயா?"

"சாப்பாடு வாங்க."

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

தென்காசியில் முப்பது வருஷம் அரிசி மண்டி நடத்தியவர். மண்டிக்குள் அவர் செருமினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மகனோடு இருக்கலாம் என்று சென்னைக்கு வந்த மூன்றாம் வாரம், சம்பந்தி குடும்பத்தோடு ஒரு பெரிய மாலுக்குப் போனார்கள். மேல்மாடியில் ஃபுட் கோர்ட். "இருங்க, நான் வாங்கிட்டு வாரேன்" என்று இவரே முந்திக்கொண்டு போனார்.

தொப்பி போட்டு நின்றவன், "ஃபார் ஹியர் ஆர் டேக் அவே?" என்றான்.

இவருக்குப் புரியவில்லை. அவன் மறுபடி கேட்டான், இன்னும் வேகமாக. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சம்பந்தி வந்து இவர் தோளைத் தொட்டு மெல்ல ஒதுக்கினார்.

"நீங்க போய் உக்காருங்க. இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்லை."

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு ஆவுடையப்பன் தட்டைத் தொடவில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னார். அவள் ஒரு நோட்டில் பதினோரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள், தமிழ் எழுத்திலேயே. என்ன வேண்டும், எத்தனை வேண்டும், இங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறோமா, கட்டிக்கொண்டு போகிறோமா, காரம் குறைவாக வேண்டுமா, கடைசியில் ஒரு நன்றி. அவர் குளிக்கும்போது சொன்னார், நடக்கும்போது சொன்னார், தூக்கத்திலும் சொல்வதாக மருமகள் சொன்னாள். ஒரே மாதத்தில் நாக்கு வளைந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் கேட்டார். "டீச்சர், அங்க நிக்கிறவங்க முழிக்கிற மாதிரி ஒரு கேள்வி சொல்லிக்கொடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற கேள்விக்கு என்கிட்ட பாடம் இல்லை ஐயா."

அவர் விடவில்லை. செல்போனில் தேடி, தானாகவே மூன்றை மனப்பாடம் செய்துகொண்டார். சம்பந்தியையும் தானே கூப்பிட்டார்.

அதே மால், அதே கடை. ஆனால் அன்று இருந்தவன் இல்லை. ஒரு பெண் நின்றாள். இருபது வயதிருக்கும். சட்டையில் செண்பகவல்லி என்று பெயர் குத்தியிருந்தது.

பதினோரு வாக்கியத்தில் நாலு போதுமானதாக இருந்தது. அவள் கேட்டதெல்லாம் இவருக்குப் புரிந்தது, இவர் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் சம்பந்தி நின்றார். ஆவுடையப்பன் முதல் கேள்வியை எடுத்துவிட்டார், எண்ணெயில் சமைத்ததா வெண்ணெயிலா என்று, இங்கிலீஷில்.

அந்தப் பெண் விழித்தாள். இவர் இரண்டாவதையும் கேட்டார். அவள் திரும்பிச் சமையல் பக்கம் பார்த்தாள், அங்கே யாரும் இவள் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஐயா, தமிழ்ல சொல்லுங்க. எப்படி வேணுமோ அப்படியே செய்யச் சொல்றேன்."

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவர் அறியாததல்ல.

"நோ டமில்" என்றார். "கால் யுவர் மேனேஜர்."

மேனேஜர் ஓடி வந்தான். இங்கிலீஷ் தெரியாத ஆளை எதற்காக இங்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டார். அதுதான் மூன்றாவது. மேனேஜர் குழைந்தான். அந்தப் பெண்ணின் தொப்பியைக் கழற்றச் சொல்லி உள்ளே அனுப்பினான்.

"பின்னிட்டீங்க சம்பந்தி!" என்று சம்பந்தி கை கொடுத்தார். ஆவுடையப்பன் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுவாரம் வகுப்புக்கு வந்ததும் முதல் வேலையாக டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார், நடித்துக் காட்டாத குறையாக. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு பாத்தீங்களா?"

"செண்பகவல்லி. சட்டையில போட்டிருந்துச்சே."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அட்டையில் அதே பெயர். உள்ளே தமிழ் எழுத்தில் இங்கிலீஷ் வாக்கியங்கள். இவர் நோட்டில் பதில் இருந்த இடங்களில் அந்த நோட்டில் கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றையும் இருபது தடவை எழுதியிருந்தாள்.

"காலையில ஆறு மணி வகுப்பு அவளுக்கு" என்றாள் டீச்சர். "முந்தாநாள் வந்து இதைத் திருப்பிக் கொடுத்துட்டா. இனிமே தேவைப்படாதாம்."

ஆவுடையப்பன் நோட்டை மூடினார். "எனக்குத் தெரியாதே டீச்சர். உங்ககிட்ட படிக்கிற பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

அவர் நோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் தனியாக அந்தக் கடைக்குப் போனார். வேறொருத்தி நின்றாள். மேனேஜர் அடையாளம் கண்டுகொண்டு முகமெல்லாம் பல்லாக வந்தான். "ஆளை மாத்தியாச்சு சார். நீங்க சொன்ன மாதிரியே." அந்தப் புதுப்பெண் இவரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். இவர் எதுவும் வாங்காமல் திரும்பினார்.

நேரே தையற்கடை மாடிக்குத்தான் போனார். டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை எங்க இருக்கு?"

"ஊருக்குப் போயிட்டா. கள்ளக்குறிச்சிப் பக்கம்."

"போன் நம்பர் இருக்குமா?"

"இருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்தப் பிள்ளைகிட்ட பேசணும். தமிழ்ல அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. என் வயசுக்கு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. சாரின்னா, கால்ல மிதிச்சாச் சொல்றது. அதுக்கு மேல பெருசா ஒண்ணு இங்கிலீஷ்ல இருக்குமில்லா, அதைச் சொல்லிக்கொடுங்க."

டீச்சர் துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"இருக்கு ஐயா. கவுண்டருக்கு உள்ளே நின்னு ஆர்டர் எடுக்கறவங்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்துடுவேன். வாங்கிச் சாப்பிட வர்றவங்க இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை."