வேங்கைமாறன் கழுத்தில் விழுந்த மாலை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொல்ற கதையில்லை இது.

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டை வேங்கைமாறன் ஆண்டான். பிறப்பால் ராஜா இல்லை, தளபதி. சண்டையில் ராஜா செத்துப்போக, "எதிரியை விரட்டுற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்று சிம்மாசனத்தில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

அந்த நாட்டு வழக்கம் அவனுக்குத் தோதாக இருந்தது. போர்முரசு ஒலிக்கிறவரை தளபதி சொன்னதே சட்டம். படைவீரன் வீடு திரும்பக் கூடாது. ஜெயித்தவன் கழுத்தில் வாகைமாலை விழுந்தால் முரசு நிற்க வேண்டும், ஊர்ச்சபை கூடிப் புது ராஜாவைத் தேடும். எதிரி எப்பவோ ஓடிவிட்டான். முரசை மட்டும் இவன் நிறுத்தவிடவில்லை. மாலை போடும் வழக்கமே எல்லாருக்கும் மறந்துபோச்சு.

மறக்காதவர் மந்திரி தேனப்பர் ஒருத்தர்தான். மீசை முளைக்காத வயசில் எல்லைக்குப் போன அவர் மகன் வயிரவனுக்கு இப்போ தலை நரைத்திருக்கும்.

தேனப்பரைக் கண்டாலே எரிகிற இன்னொரு மந்திரி ஆலாலன் ஒருநாள் சபையில் வத்திவைத்தான்: "பிரபு! நீங்க ஜெயிக்கவே இல்லைன்னு இந்தக் கிழவர் சந்தையிலே பேசினாராம்!"

"என்னய்யா, தலை பாரமா இருக்கா?" என்று தேனப்பரிடம் கேட்டான் வேங்கைமாறன்.

"ஜனங்க பேசுறதுங்க பிரபு. ஜெயிச்சவர்னா கழுத்திலே வாகைமாலை எங்கேன்னு கேக்குறாங்க."

"நானா ஜெயிக்கலை? எதிரின்னு ஒருத்தன் மிச்சமிருக்கானா?"

"ஒருத்தன்கூடவா இல்லை?"

"ஈ காக்கா இல்லைய்யா! கொண்டா மாலையை!"

மாலை வந்தது. தேனப்பர் கை நீட்டினார். "அந்தப் பெருமை உமக்கா?" என்று ஆலாலன் பிடுங்கித் தானே போட்டான்.

தேனப்பர் சாளரத்தில் தலையை நீட்டினார். "ராஜா ஜெயிச்சுட்டார்! முரசை நிறுத்துங்கப்பா!"

முரசு நின்றது. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மிரண்டு அழுதன.

"யாரைக் கேட்டு நிறுத்தினே? அடிக்கச் சொல்லு!"

"எதிரி வந்துட்டானா பிரபு? இப்பதானே ஈ காக்கா இல்லைன்னீங்க?"

"பிடிங்கடா இவனை!"

வாசல் காவலன் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். "சண்டைதான் முடிஞ்சுதுங்களே. எங்கம்மாவைப் பார்க்கப் போறேன்." அவன் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஆலாலனைத் தேடினால், அவனையும் காணோம்.

சாயங்காலம் ஊர்ச்சபை கூடியது. வேங்கைமாறன் வாடின மாலையோடு தனியாகப் படியிறங்கினான். எல்லைப் பாதையில் புழுதி எழும்பியது.

தேனப்பர் அதைப் பார்த்தார். முரசடிக்கும் கோலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டாகப் பிளந்து அடுப்பில் வைத்து, மகனுக்கு உலையேற்றினார்.