மேற்குச் சன்னல்

நெடுங்குன்றூர் முடிகிற இடத்தில், மேற்கே, சுனைச்சரிவு என்றொரு நிலம் இருந்தது. மேலே ஒரு சுனை, அடிவாரம்வரை புல், இடையிடையே ஆவாரம்பூ. சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

நிலத்துக்காரர் அதை விற்க முன்வந்தார். நகராட்சியே வாங்கித் திறந்த வெளியாக விட்டுவைக்கலாம் என்றனர் உறுப்பினர்களில் பாதிப்பேர். வீட்டுமனை போடுகிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், புல்லை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யப்போகிறது என்றனர் மற்றவர்கள். இரு தரப்பும் சரிபாதியாக நின்றதால், முடிவு தலைவரின் ஒற்றை வாக்கில் வந்து நின்றது.

தலைவர் மங்கையர்க்கரசிக்கோ, வாக்கைவிடத் தம் வீட்டுச் சன்னல்தான் பெருந்தொல்லையாயிற்று. கூடத்தின் மேற்குச் சன்னலைத் திறந்தால் சுனைச்சரிவு முழுவதும் தெரியும்.

"ஊர் நிலத்தை வாங்குமாம். தலைவரம்மா சன்னலில் உட்கார்ந்து அனுபவிப்பாராம்" என்றார் தணிகைவேல். எதிர்த்தரப்பில் மூத்தவர் அவர்.

மன்றம் சிரித்தது. தம் பக்கத்தவர்களும் சேர்ந்து சிரித்ததுதான் அரசியை உறுத்தியது. இருபது ஆண்டுப் பொதுவாழ்வில் ஒருவர் வாயாலும் ஒரு சொல் கேட்காதவர் அவர்.

மறுநாளே கொத்தனாரை அழைத்தார். "நல்ல சன்னலம்மா, காற்று அள்ளுகிறதே" என்று கொத்தனார் தயங்கினார். அரசி பக்கத்திலேயே நின்று, கடைசிச் செங்கல் வரை வைக்கச் செய்தார்.

அன்று மாலையே குருவைத் தேடிப் போனார்.

குரு உமையாளம்மை, கீழ்வீதி மடத்து முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் அரசியைவிடப் பதினோரு வயது இளையவர். சீடர் குருவை 'அம்மா' என்பார். குரு சீடரை 'அக்கா' என்பார். அதில் இருவருக்கும் கூச்சம் போய்ப் பல காலம் ஆயிற்று.

"புடைவையெல்லாம் சிமெண்ட்டாக இருக்கிறதே, அக்கா."

"சன்னலை அடைத்துவிட்டேன், அம்மா. இனி அந்த நிலத்தால் எனக்கு இம்மியளவும் பயன் இல்லை. இப்போது நான் வாக்களித்தால் யாரும் குறை சொல்ல முடியாது அல்லவா?"

உமையாளம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"அந்தச் சன்னலில் யாரெல்லாம் நிற்பார்கள்?"

"வீட்டுக்கு வருகிற எல்லாரும்தான். பால்காரி பாத்திரத்தை வைத்துவிட்டு நிற்பாள். மனுக் கொடுக்க வருகிறவர்கள், வந்த காரியத்தை மறந்துவிட்டு நிற்பார்கள். ஏன், அந்தத் தணிகைவேலே காபித் தம்ளரோடு அங்கேதான் நிற்பார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார்."

"நாளைக்கு அவர் வருவாரா?"

வருவார். இழுபறியான தீர்மானம் எதுவானாலும், வாக்கெடுப்புக்கு முந்திய மாலை உறுப்பினர்கள் அனைவரும் தலைவர் வீட்டில் கூடிக் காபி குடிப்பது அவ்வூர் வழக்கம். தீர்மானத்தைப் பற்றி மட்டும் அங்கே மூச்சுவிடக் கூடாது.

"வருவார், அம்மா. ஆனால் கூடம் பார்க்க நன்றாயில்லை. பூச்சுக்கூடக் காயவில்லை. கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்."

"வீட்டிலேயே வையுங்கள்."

"அப்படியானால் அந்த இடத்தில் ஒரு படமாவது மாட்டிவிடட்டுமா?"

"வேண்டாம். சுவர் சுவராகவே இருக்கட்டும்."

"நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

"முதலில் காபியை நன்றாகப் போடுங்கள், அக்கா."

மறுநாள் மாலை உறுப்பினர்கள் வந்தனர். தணிகைவேல் தம்ளரை வாங்கிக்கொண்டு, யாரிடமோ மகள் வீட்டு விசேஷத்தைப் பேசியபடியே, கால் பழகிய வழியில் மேற்கே நடந்தார். சுவருக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றார்.

"என்ன அண்ணே, சுவரில் சாமி தெரிகிறதா?" என்றார் ஓர் இளைய உறுப்பினர்.

தணிகைவேல் சிரிக்கவில்லை. ஈரப் பூச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்போது அடைத்தீர்கள்?"

"நீங்கள் மன்றத்தில் பேசிய மறுநாள்" என்றார் அரசி.

"இந்நேரத்துக்குத்தான் வெயில் புல்லில் சாயும்" என்று அவர் சுவரைப் பார்த்தே சொன்னார். வழக்கத்தை மீறக் கூடாதென்று எண்ணினாரோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

மற்றவர்களும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பதென்று தெரியாமல் கூடத்துக்குள் இடம் மாறி மாறி நின்றனர். விளக்கேற்றும்வரை நீளும் பேச்சு, அன்று கால்மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. காபி நன்றாக இருந்தது என்று எல்லாரும் தவறாமல் சொல்லிவிட்டுப் போயினர்.

அடுத்த நாள் மன்றத்தில், நிலத்தை வாங்கலாம் என்போர் கைகளை உயர்த்தினர். தணிகைவேலின் கையும் உயர்ந்தது. அதைப் பார்த்து, அவர் தரப்பில் இன்னும் மூன்று கைகள் உயர்ந்தன.

அரசி நேரே மடத்துக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"என் வாக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று, அம்மா."

"வருத்தமா?"

"நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன் என்று நினைத்தேன். இன்று இன்னும் நன்றாகத் தூங்குவேன்." சற்றே தயங்கினார். "ஒன்றுதான் கேட்க வேண்டும். கொத்தனாரை மறுபடி வரச் சொல்லட்டுமா? சன்னலைத் திறந்தால் ஊர் பழையபடி பேசுமே."

"பேசும்."

"அப்போது நான் என்ன செய்வது?"

உமையாளம்மை அரசியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பேசுகிறவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அக்கா. அந்தச் சன்னலில் நின்றுகொண்டு பேசச் சொல்லுங்கள்."