யானைக்கு அழுத அரசவை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு ஆசை வந்தால் அதுவே சட்டமாக இருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். பெயர் எதற்கு? அவரைப் போல ஆள் இல்லாத காலம் எது? ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடிய ஒரு நாள், தன் பட்டத்து யானை அதைக் கடப்பதை மாடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றார். "தண்ணி வடியட்டும் சாமி" என்று பாகன் காத்தான் கும்பிட்டுக் கேட்டான். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. யானையும் போயிற்று, பாகனும் போனான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பாகன் இருந்தால் நாளுக்கு ஒரு படி அரிசி, இறந்தால் அதுவும் நின்றுபோகும். அதை மட்டும் யாரும் பழமொழியாகச் சொல்லி வைக்கவில்லை.

கரை ஒதுங்கிய யானைக்குப் பட்டுப் போர்த்தி அடக்கம் செய்தார்கள். "என் அண்ணனைப் பறிகொடுத்தேனே!" என்று ராஜா தேம்பினார். ராஜா அழுதால் சபை சும்மா இருக்குமா? "எனக்குத் தகப்பனே போய்விட்டார், பிரபு!" என்று மந்திரி தில்லைவிடங்கர் தூணைக் கட்டிக்கொண்டார். "எனக்கும் அவர் தகப்பன்தான்!" என்று தளபதி மார்பில் அடித்துக்கொண்டார். பொக்கிஷக்காரர் கொஞ்சம் பிந்திவிட்டார், அதனால் தகப்பனோடு தாயையும் சேர்த்துச் சொன்னார். கூலிக்கு மாரடிக்கிறவர்களாவது கூலி இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

ராஜா மனம் உருகி ஒரு கட்டளை போட்டார். யானையின் கருமாதி முடியும்வரை நாட்டில் வேறு எந்தச் சாவுக்கும் ஒருவரும் அழக்கூடாது. அழுதால் வீட்டைப் பறித்துக்கொண்டு எல்லைக்கு வெளியே தள்ளிவிட வேண்டும்.

மறுநாளே வெள்ளச்சியை இழுத்து வந்தார்கள். அவள் காத்தானின் பெண்டாட்டி.

"யாருக்காக அழுதாய்?" என்று மந்திரி கேட்டார்.

யானைக்கு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். அந்தச் சபையில் அதைச் சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். "எம் புருசனுக்கு" என்றாள்.

"துரோகம்!" என்று சபை கூவியது. ஊருக்கே சோறு போட்ட மாதிரி நடிக்கிறவர்கள்தான் ஒரு ஏழையின் அழுகைக்குக் கணக்குக் கேட்பார்கள். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் வயிறு எரியும்.

சபையில் பிச்சாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். அவனை எப்போது கவிழ்க்கலாம் என்று மந்திரி வெகுநாளாகக் காத்திருந்தார். "பிரபு, இவன் கண்ணிலும் ஈரம் இல்லை. இவனையும் சேர்த்து அனுப்பலாம்" என்றார்.

"ஏன் அழவில்லை?" என்று ராஜா கேட்டார்.

"பெற்ற பிள்ளைகள் முறை செய்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன், பிரபு. நான் வெறும் ஊர்க்காரன்."

"எந்தப் பிள்ளைகள்?"

"யானையாரின் பிள்ளைகள். தகப்பன் என்று மூன்று பேர் இதே சபையில் சொன்னார்கள். தங்கள் முன்னால் பொய் சொல்வார்களா? ஆனால் மூவரும் இன்னும் மீசையோடு நிற்கிறார்கள். நாவிதரை வரச்சொல்லி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இவர்களில் ஒருவர் பிள்ளை முறை செய்தாலும், இவளோடு என்னையும் துரத்துங்கள். ஒருவரும் செய்யவில்லை என்றால், யாருக்கும் இல்லாத துக்கத்துக்காக இவள் துக்கத்தைப் பறிக்காதீர்கள்."

ராஜாவுக்கு அழுது அழுது அலுத்திருந்தது. "சரி" என்றார்.

பிச்சாண்டி மந்திரி பக்கம் திரும்பினான். "தலையும் மீசையும் மழிக்க வேண்டும், ஐயா. பதினாறு நாள் உப்பில்லாக் கஞ்சி, வெறுந்தரையில் படுக்கை. தகப்பன் விட்டுப்போன வேலையை மகன்தானே முடிக்க வேண்டும்? தேருக்கு வெட்டிய மரங்கள் காட்டில் கிடக்கின்றன. மூவரும் சேர்ந்து இழுத்தால் வந்துவிடும்."

மந்திரியின் கை மீசைக்குப் போயிற்று. "தகப்பன் என்றது... ஒரு மரியாதைக்குச் சொன்னது, பிரபு."

தளபதி தன் கண்ணில் அன்று தூசி விழுந்தது என்றார். பொக்கிஷக்காரர் யானைக்கும் தமக்கும் தூரத்து உறவுகூட இல்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்.

"அப்படியானால் மிச்சம் ஒருவர்தான்" என்றான் பிச்சாண்டி. ராஜாவின் முகத்தைப் பார்த்தே சொன்னான். "அண்ணனுக்குத் தம்பியும் மீசை எடுக்க வேண்டும், பிரபு. வெள்ளத்தில் இறக்கிவிட்ட தம்பியாக இருந்தாலும்."

ராஜாவின் கை மெல்ல எழுந்து தன் மீசையைத் தொட்டது.

ராஜாக்கள் மாட்டிக்கொண்டால் ஒன்று தலையை வெட்டுவார்கள், இல்லையென்றால் சிரிப்பார்கள். அன்று அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடனே மந்திரியும் சிரித்தார், தளபதியும் சிரித்தார். நேற்று அழுத அதே வாய்கள்தான். ராஜா தன் பொன்சங்கிலியைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். "அவளை விட்டுவிடுங்கள். வேறு யானைக்கு ஆள் அனுப்புங்கள்" என்றார்.

காவலர்கள் கையை விட்டபிறகும் வெள்ளச்சி நகரவில்லை. பிச்சாண்டியிடம் வந்து, "ஐயா, இனிமே நான் அழலாமா?" என்று கேட்டாள்.

எதற்கும் விகடம் பேசுகிற அவன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "அழு, தாயி" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து, "காத்தான்... என் காத்தான்..." என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் கதறினாள்.

ராஜா கண்ணில் வந்த சிரிப்பு நீரைத் துடைத்துக்கொண்டே மந்திரியைக் கேட்டார்:

"யாரய்யா அந்தக் காத்தான்?"